வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது

ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேருந்தில் உட்கார்ந்திருந்த டன் சாரைக் கண்டக்டர் மூன்றாவது தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

"சார், நம்ம டிரைவர் நல்லாத்தான் ஓட்டுவாரு. பயப்படாதீங்க."

பேருந்தே சிரித்தது. டன் சார் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தால் தெரிந்தவர்கள் யாராவது "வண்டி எங்கே?" என்று கேட்பார்கள், தலையில் மாட்டிக்கொண்டால் ஆளையே அடையாளம் தெரியாது என்பது அவர் திட்டம். திட்டத்தில் ஓட்டை இருப்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் தாடைக்குக் கீழே கொக்கி இறுகிக்கொண்டு கழல மறுத்துவிட்டது.

டன் சார் என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். ஊருக்கு வெளியே, மணலும் ஜல்லியும் ஏற்றிவரும் லாரிகளை நிறுத்தி எடைபோடும் எடைமேடையில் அவருக்கு வேலை. லாரி மேடையில் ஏறுவதற்கு முன்பே, டயர் அமுங்கியிருக்கும் அழகைப் பார்த்து இத்தனை டன் என்று சொல்லிவிடுவார். பிறகு இயந்திரம் அவரை ஆமோதிக்கும். "எவன் எவ்வளவு சுமை தூக்கினாலும் என் கண்ணுக்குத் தப்பாது" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வசனம்.

இன்னொரு வசனமும் உண்டு. "ஒத்தைச் சம்பளம். அதுல பொண்ணைப் படிக்க வச்சேன். அடகுக் கடை வாசப்படி மிதிச்சதில்ல." இதை அவர் கடைசியாகச் சொன்னது முந்தாநாள். மிதித்தது இன்று மத்தியானம்.

காரணம், போனஸ். மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தில் கடைசித் தவணை பாக்கி. "போனஸ் வருது, நான் பாத்துக்கறேன்" என்று வீட்டில் நெஞ்சைத் தட்டியிருந்தார். போனஸ் வரவில்லை. அதற்குப் பதிலாக முதலாளி ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, "இனிமே நமக்கு நல்ல நேரம்தான்" என்றார். டன் சார் கடிகாரத்தோடு வீட்டுக்குப் போய், "போனஸோட சேத்து இதையும் குடுத்தாங்க" என்று சொல்லி ஆணியடித்து மாட்டினார். ஒரு பொய் சுவரில் ஏறி டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தது.

மிச்சம் இருந்தது மோட்டார் சைக்கிள்தான்.

ஊரில் வண்டியை அடகு பிடிக்கிற கடை ஒன்றே ஒன்று. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வீட்டு அலமாரியிலிருந்து திருட்டுத்தனமாக எடுக்க வேண்டியிருந்தது. பெரிய தேடலாக இருக்கும் என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தார். புத்தகம் முன்வரிசையிலேயே, ஒரு உறைக்குள், எடுத்துக்கொண்டு போகத் தயாராக இருந்தது. தன் மனைவியின் ஒழுங்கை அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகப் பாராட்டினார், மனசுக்குள்.

அடகுக் கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்தார். சீட்டைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தார். டன் சாரின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். புத்தகத்தைப் பிரிக்கக்கூட இல்லை. டன் சார் கேட்க நினைத்த தொகையை அவரே சொன்னார்.

முகராசி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று டன் சாருக்குத் தோன்றியது.

"ஒரே ஒரு விஷயம். வீட்டுக்குத் தெரியக் கூடாது."

"இங்க ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்டச் சொல்றதில்லைங்க. புருஷன் விஷயம் பொண்டாட்டிக்குப் போகாது. பொண்டாட்டி விஷயம் புருஷனுக்குப் போகாது. கடை ஓடுறதே அதனாலதான்."

அருமையான மனிதர் என்று டன் சார் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். அறை முழுக்க நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் குவிந்துகிடந்தன. அவற்றுக்கு நடுவே டன் சாரின் மனைவி கழுத்தளவு தெரிந்தாள். "சும்மா இருக்கப் போரடிக்குதுன்னு ஏதோ தைக்கிறா" என்று டன் சார் எடைமேடையில் சொல்வது வழக்கம். வருஷா வருஷம் இந்தப் பருவத்தில் அவளுக்குப் போரடிப்பது மிகவும் அதிகமாக இருக்கும்.

"அப்பா, ஏன் ஹெல்மெட்டோட வீட்டுக்குள்ள வர்றீங்க?" மகள் கேட்டாள்.

"கொக்கி மாட்டிக்கிச்சு."

"வண்டி சத்தம் கேக்கலையே?"

டன் சார் தயாராக வைத்திருந்ததை எடுத்துவிட்டார். "வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு."

மெஷின் சட்டென்று நின்றது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"சர்வீஸுக்கா?"

"சர்வீஸுக்குத்தான்."

"எங்க விட்டீங்க?"

"நம்ம மெக்கானிக்கிட்டதான்."

"ரசீது குடுத்தாங்களா?"

"குடுத்தான்."

"பத்திரமா வச்சுக்கங்க." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. முன்னைவிட வேகமாக.

இவ்வளவு சுலபமா என்று டன் சாருக்கே ஏமாற்றமாக இருந்தது. மகள் அந்த ஏமாற்றத்தை நீக்கினாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடும்ல? நான் பஸ் ஸ்டாண்டுக்கு நம்ம வண்டியிலதான் போவேன். பெட்டியை முன்னாடியே அனுப்பிடலாம். நீங்களும் நானும் மட்டும்."

"ஆட்டோவுல போலாமேம்மா. சௌகரியமா இருக்கும்."

"ஒண்ணாம் வகுப்புக்கு முதல் நாள் எதுல போனேன்?"

டன் சார் கொக்கியை இழுத்து இழுத்து, ஒருவழியாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அந்த வண்டி கல்யாணமான வருஷம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. செல்ஃப் ஸ்டார்ட் எல்லாம் கிடையாது. உதைக்க வேண்டும், அதிலும் இரண்டு பொய் உதை, ஒரு மெய் உதை. மனைவி பின்னால் ஒருக்களித்து உட்காருவாள். தோளைப் பிடிக்க வெட்கப்பட்டு அவர் சட்டைக் காலரின் நுனியை மட்டும் பிடித்துக்கொள்வாள். மேட்டில் ஏறினால் டன் சாருக்கு மூச்சு முட்டும். பிறகு மகள் வந்து பெட்ரோல் டேங்கின்மேல் உட்கார்ந்தாள். வாயாலேயே ஹாரன் அடிப்பாள். வண்டியின் ஹாரனைவிட அதற்குத்தான் ஆட்கள் வழிவிட்டார்கள். டேங்கில் இடம் போதாமல் போனபோது நடுவில் வந்தாள். அங்கேயும் போதாமல் போனபோது மனைவி, "நீங்க ரெண்டு பேரும் போங்க, எனக்கு வேலை இருக்கு" என்று இறங்கிக்கொண்டாள். பின்சக்கரத்து ஸ்பிரிங் அமுங்குகிற அமுங்கலை வைத்தே மகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று டன் சார் சொல்லிவிடுவார்.

மனைவி இறங்கிக்கொண்டாலும் வண்டியின்மேல் அவளுக்கு இருந்த அக்கறை இறங்கவில்லை. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சில வாரம் முன்னால், "வண்டியை சர்வீஸுக்கு விடணும்" என்று அவள்தான் ஆரம்பிப்பாள். மெக்கானிக் வந்து ஓட்டிக்கொண்டு போவான். இரண்டு மூன்று வாரம் டன் சார் பேருந்தில் போவார். பிறகு வண்டி குளித்துத் தலைசீவியதுபோல வந்து நிற்கும். சீட்டைத் தூக்கினால் அடித்தகட்டில் புதிதாக ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். சர்வீஸ் முடிந்த அடையாளம் என்றான் மெக்கானிக்.

மகள் அதை மச்சம் என்று சொல்வாள். "எனக்குப் புது வகுப்பு, வண்டிக்குப் புது மச்சம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். ஒவ்வொரு வருஷமும் சீட்டைத் தூக்கி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள்.

"என் பொண்டாட்டிக்கு என்மேல இல்லாத அக்கறை அந்த வண்டிமேல" என்று டன் சார் லாரிக்காரர்களிடம் பெருமையடிப்பார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது முன்னறையில் மெக்கானிக் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். தையல் மெஷினின் மோட்டாரைப் பார்க்க வந்திருக்கிறான். வண்டியை விட்டதாகச் சொன்ன அதே மெக்கானிக். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்பது காலையிலிருந்தே டன் சாரின் நினைவில் இருந்தது. நினைவில் மட்டும்தான் இருந்தது.

செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"வாங்க சார்," என்றான் மெக்கானிக். "என்ஜினை இறக்கிட்டேன்."

"எந்த என்ஜினை?"

"நம்ம வண்டி என்ஜினைத்தான் சார். பிஸ்டன் கொஞ்சம் தேஞ்சிருக்கு."

டன் சார் அவனை உற்றுப் பார்த்தார். அவன் முகத்தில் ஒரு சலனம் இல்லை. தேநீரை ஆற்றிக் குடித்தான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெடியாகுமாண்ணா?" மகள் கேட்டாள்.

"அது... அக்கா, இந்த யூனிஃபார்ம் எல்லாம் எப்ப முடியும்?"

"சனிக்கிழமை குடுத்துடுவேன்," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"அப்ப வண்டியும் சனிக்கிழமை."

யூனிஃபார்முக்கும் பிஸ்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று டன் சாருக்குப் புரியவில்லை. படிக்காத பயல், ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறான். ஆனாலும் பொய் சொல்வதில் இவ்வளவு கைதேர்ந்தவனாக இருப்பான் என்று எதிர்பார்க்கவில்லை. வழியனுப்புகிற சாக்கில் வாசல்வரை போனார்.

"எப்படிய்யா உனக்குத் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். வண்டி வீட்ல இல்லைன்னா என்கிட்ட இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான் என் தொழில்."

"நல்லா நடிக்கிற."

"பழக்கம் சார்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

பொய் காப்பாற்றப்பட்டது. ஆனால், அதனால் சிக்கல் இரண்டு மடங்கானது. இப்போது வண்டி சனிக்கிழமை வந்தே தீர வேண்டும்.

டன் சார் அடகுக் கடைக்கு ஓடினார். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் அவருடைய வண்டி மற்ற வண்டிகளுக்கு நடுவே, விடுதியில் கொண்டுபோய் விட்ட குழந்தைபோல நின்றது.

"கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா? ரொம்ப நாள் நிறுத்தினா கார்புரேட்டர் காஞ்சுடும்."

"நேத்துத்தானே விட்டீங்க?"

"அதுக்குப் பழக்கமில்ல."

கடைக்காரர் யோசித்தார். "உதைக்கலாம். ஏறி உக்காரக் கூடாது. உக்காந்தவங்க சில பேரு அப்படியே போயிருக்காங்க."

டன் சார் பக்கத்தில் நின்றபடி உதைத்தார். இரண்டு பொய், ஒரு மெய். வண்டி இருமிக்கொண்டே உயிர்பெற்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சட்டைக் காலரை யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல இருந்தது. தொட்டுப் பார்த்தார். யாரும் இல்லை. ஹெல்மெட்டின் பட்டைதான்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒரே ஒரு மணி நேரம் குடுங்க. பொண்ணைப் பஸ் ஏத்திட்டுக் கொண்டுவந்து விட்டுடறேன்."

"அடகுப் பொருள் வெளிய போனா, அதுக்கு ஈடா உள்ள ஒண்ணு இருக்கணும்ங்க. கடை வழக்கம்."

"என்ன மாதிரி?"

"வண்டிக்குச் சமமா ஏதாவது. வீட்ல இருக்கிறதைக் கொண்டாங்க, பாப்போம்."

வீட்டில் வண்டிக்குச் சமமான பொருள் எதுவும் இல்லை என்பது டன் சாருக்குத் தெரியும். ஆனால், ஒரு லாரி மணல் என்பது தனித்தனி மணல்தானே? கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம் என்று தீர்மானித்தார்.

முதலில் மிக்சி போனது.

"மிக்சி எங்கங்க?"

"சத்தம் சரியில்ல. சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க எப்பக் கேட்டீங்க சத்தத்தை? நான் மிக்சி போட்டாலே நீங்க வெளிய போயிடுவீங்களே."

"வெளிய இருந்து கேட்டாத்தான் வித்தியாசம் தெரியும்."

மனைவி தலையாட்டினாள். "அதுவும் சரிதான்."

பேருந்தில் அதே கண்டக்டர். ஹெல்மெட் தலையில், மிக்சி மடியில்.

"சார், எப்ப ஸ்டார்ட் பண்ணப் போறீங்க?"

அடுத்து இஸ்திரிப் பெட்டி போனது. தைத்த யூனிஃபார்மை எல்லாம் மனைவி பக்கத்து வீட்டுப் பெட்டியை வாங்கித் தேய்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அது டன் சாரைத் துணிச்சல்காரராக்கியது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்.

"அப்பா, கடிகாரம் சரியாத்தானே ஓடுது?" என்றாள் மகள்.

"முதல்ல சரியா ஓடுற மாதிரிதான் இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறமும் அப்படியே இருந்தா சந்தேகப்படணும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அடகுக் கடைக்காரர் கடிகாரத்தைக் கையில் வாங்கவே இல்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினார். உள்ளே அதே கடிகாரங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தன.

"உங்க எடைமேடைக்காரங்க எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க சார். நீங்கதான் லேட்டு."

தன்னைத் தவிர எல்லோருடைய போனஸும் நிஜம் என்று அதுவரை நம்பியிருந்தார் டன் சார். அந்தக் கடிகாரங்களைப் பார்த்ததும், துக்கத்துக்கு நடுவிலும் கொஞ்சம் தோழமையாக இருந்தது.

"மிக்சி, இஸ்திரிப் பெட்டி, கடிகாரம்," என்று கடைக்காரர் கணக்குப் பார்த்தார். "இதுக்கு உங்க வண்டியோட முன்சக்கரத்தை வேணா ஒரு மணி நேரம் தரலாம்."

"அப்ப என்னையே வச்சுக்கங்க."

"உங்களை வச்சுக்கிட்டா வண்டியை யாருங்க ஓட்டுவா?"

மிச்சம் இருந்தது டிவி.

வெள்ளிக்கிழமை டிவிக்குப் பின்னால் போய் ஒரு வயரைத் தளர்த்தினார். தளர்த்தியது டிவி வயர் இல்லை. வீடு முழுக்க மின்சாரம் போனது. தையல் மெஷின் நடுத்தையலில் நின்றது.

முன்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. இந்த வாரத்தில் முதன்முறையாக அதில் கோபம் இருந்தது.

"என்னங்க! வீட்ல எதை வேணா சர்வீஸுக்குக் கொண்டு போங்க. நான் கேக்கல. இந்த மெஷினை மட்டும் நிறுத்தாதீங்க! நாளைக்குள்ள நான் இதை முடிச்சாகணும்!"

"ரெண்டு பாவாடை லேட்டானா என்ன குடி முழுகிடும்?"

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "வயரை மாட்டுங்க" என்றாள்.

மாட்டினார். மெஷின் ஓடியது. அன்று முழுக்க ஓடியது, சனிக்கிழமையும் ஓடியது. அந்தச் சத்தத்தில் டன் சாரால் அடுத்த பொய்யை நிம்மதியாக யோசிக்கக்கூட முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் அவள் துணிமூட்டைகளை மெக்கானிக்கின் வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். திரும்பி வர நேரமானது. வந்தவள் காலை நீட்டி உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு சும்மா சுவரைப் பார்த்தாள். சுவரில் கடிகாரம் இல்லாத ஆணி இருந்தது. அதைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. மெக்கானிக்கைப் பாத்தேன். வண்டி ரெடியாம். காலைல போய் எடுத்துக்கங்க."

அந்த மெக்கானிக் பயலுக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. நடிப்பு என்றால் ஒரு அளவு வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் குளித்து, தலைவாரி, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி முன்னாலேயே போய்விட்டது. ஒன்றாம் வகுப்பின் முதல் நாள் அவள் இதே படியில் இதேபோல உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கால் தரையைத் தொடவில்லை. இன்றைக்கு முழங்கால் முகவாயைத் தொட்டது.

"சீக்கிரம் வாங்கப்பா. மச்சம் எண்ணணும்."

"இன்னுமா அது?"

"இதுதானே கடைசி."

டன் சார் டிவியைப் போர்வையில் சுற்றித் தூக்கினார். மனைவி வாசலில் வழிமறித்தாள்.

"இது எதுக்கு?"

"சர்வீஸுக்கு."

"கனமா இருக்கும். வச்சுட்டுப் போங்க. அப்புறம் பாத்துக்கலாம்." அவர் கையிலிருந்து டிவியை வாங்கி உள்ளே வைத்தாள். ஹெல்மெட்டை எடுத்து நீட்டினாள். "இதை எடுத்துட்டுப் போங்க. வரும்போது வேணும். ஆமா, மிக்சியையும் மறக்காம வாங்கிட்டு வாங்க."

வெறுங்கையும் ஹெல்மெட்டுமாக டன் சார் பேருந்தில் ஏறினார். இந்தமுறை கண்டக்டர் எதுவும் சொல்லவில்லை. டன் சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கொடுத்தார், நகர்ந்துவிட்டார். அடகுக் கடைக்காரர் காலில் விழுவது என்று டன் சார் முடிவுசெய்திருந்தார். எப்படி விழுவது என்பதில்தான் குழப்பம். இடுப்பு வலி.

கடை வாசலில் வண்டி நின்றது.

கொட்டகையில் இல்லை; வாசலில். கழுவித் துடைத்து, வெயிலில் பளபளத்துக்கொண்டு. சீட்டின்மேல் மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் கடிகாரமும் ஒரே மூட்டையாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன.

"எடுத்துக்கங்க சார்," என்றார் கடைக்காரர்.

"ஒரு மணி நேரத்துல கொண்டாந்துடறேன். சத்தியமா."

"கொண்டுவர வேணாம். நேத்தே கணக்கு முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? யாரு கட்டினா?"

"ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்டச் சொல்றதில்லைங்க."

டன் சார் யோசித்துப் பார்த்தார். யாராக இருக்கும்? மெக்கானிக்கா? அவன் போட்ட பொய்யைக் காப்பாற்ற அவனே கட்டிவிட்டானா? முதலாளியா? கடிகாரம் கொடுத்த குற்ற உணர்ச்சியா? கடைசியில் அவருக்கு மிகவும் பிடித்த விடையில் வந்து நின்றார். எதுவுமில்லை, முகராசி. ஒரு நேர்மையான மனிதனின் முகத்தைப் பார்த்து, இந்தக் கடைக்காரரே இரங்கிவிட்டார். சொல்ல வெட்கப்படுகிறார்.

கண்ணில் நீர் வந்தது. வண்டியின் பக்கம் போய் ஹேண்டில்பாரைத் தொட்டார். மகளைக் கொண்டுபோய் விட இன்னும் நேரம் இருக்கிறது. சுற்றுவழியாக, பழைய பள்ளிக்கூடத்து வாசல்வழியாகப் போகலாம். பொய்யெல்லாம் பலித்துவிட்டது. வீட்டுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்தது.

"கொஞ்சம் இருங்க சார். இப்பவே எடுத்துடாதீங்க."

கொட்டகையிலிருந்து ஒரு கிழவர் வந்தார். வண்டிகளைக் கழுவித் துடைக்கிற ஆள். காலையில் மட்டும் வருகிறவர் என்பதால் டன் சார் அவரை அதுவரை பார்த்ததில்லை. ஒரு கையில் சின்ன டப்பா. இன்னொரு கையில் மெல்லிய தூரிகை. மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சீட்டைத் தூக்கினார்.

"என்ன பண்றீங்க?"

"மீட்டுட்டுப் போற வண்டிக்கு ஒரு பொட்டு வைப்போம் சார். கடை வழக்கம். ஒழுங்கா மீட்ட வண்டின்னு அடையாளம். அடுத்த தடவை வந்தா யோசிக்காம பணம் குடுப்பாரு முதலாளி."

டன் சார் பெரிய மனதோடு சிரித்தார். "வச்சுக்கங்க, வச்சுக்கங்க. ஆனா அடுத்த தடவைங்கற பேச்சே கிடையாது பெரியவரே. ஒத்தைச் சம்பளத்துல பொண்ணைப் படிக்க வச்சவன் நான். அடகுக் கடைக்கு வர்றது இதுதான் முதல் தடவை."

கிழவர் தூரிகையை டப்பாவில் தோய்த்தார். மஞ்சள் பெயின்ட். குனிந்து, தகட்டில் வரிசையாக இருந்த பொட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டுக்கொண்டே கடைசிவரை போனார்.

"நீங்க முதல் தடவைதான் சார்," என்றார் கிழவர், இருந்த இடுக்கில் பொட்டை வைத்துக்கொண்டே. "வண்டிதான் வருஷா வருஷம் வருது. இந்தப் பக்கம் இனிமே இடமில்ல, அடுத்த வருஷத்துல இருந்து அந்தப் பக்கம்தான் வைக்கணும்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க."